வழி மறந்தார்க்கு ஒரு தெரு

மூப்பினால் வரும் குறைகளுள் கண் மங்குதற்குக் கண்ணாடியும், கால் தளர்தற்குக் கோலும், பல் வீழ்தற்குப் பொய்ப்பல்லும் உலகம் கண்டுபிடித்துத் தந்துள்ளது. நினைவு தளர்ந்தார்க்கு நம் ஊர்களிற் பெரும்பாலான இல்லங்கள் இதுகாறும் கண்டிருப்பது வாயிற்கதவின் பூட்டு ஒன்றே. இவ்வாறு சொல்வதனால் அவ்வில்லத்தாரை யாம் பழித்தோமல்லோம். பெற்ற தாய் நண்பகல் வெயிலிற் செருப்பின்றிப் புறப்பட்டு அயலூர்ப் பேருந்து நிலையத்திற் சென்று அமர்ந்திருக்க, மாலைவரை அவரைத் தேடி அலைந்த மகன் பூட்டு வாங்குவது அன்பினாலேயே. ஆயினும் அப்பூட்டுக்கு உட்புறத்தில் இருப்பவர் குற்றம் யாதும் செய்திலர். வெளியே சென்று வர வேண்டும் என்று அவர் விரும்பியது நடக்குங் கால் உடையார் எல்லார்க்கும் இயல்பான விருப்பமே. பூட்டின்றி அவரைக் காக்கும் வழி உண்டோ எனின், உண்டு. அவ்வழியின் பெரும்பகுதி வீட்டிலன்றித் தெருவிலே கிடக்கின்றது. அண்மையிற் படித்தும் நடந்தும் யாம் அறிந்த அதனையே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

டிமென்ஷியா என மருத்துவர் வழங்கும் இதனைத் தமிழில் மறதி நோய் என்கின்றோம். யாழ்ப்பாணத்தார் பேச்சில் 'அறளை பெயர்தல்' என்றொரு பழஞ்சொல் உண்டு. இந்நோயைக் குறிக்கும் சொற்கள் எம்மொழியிலும் ஏளனம் கலந்தே வழங்குகின்றன. சப்பானியர் மொழியில் இதற்கு வழங்கிய பெயர் மடமை என்னும் பொருள் படுதலைக் கண்டு, 2004 ஆம் ஆண்டில் அந்நாட்டரசே அப்பெயரை நீக்கி வேறொன்று வகுத்தது. ஒரு நோயின் பெயரை மாற்றுவது அரசின் கடமையென ஒரு நாடு எண்ணியது தமிழ் பயிலும் எமக்குப் பெரிதும் உவப்பாயிற்று.

நிற்க. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021 இல் உலகில் இந்நோயுற்றார் 5 கோடியே 70 இலட்சம் பேர். இந்தியாவில் 60 வயது கடந்தாருள் நூற்றுக்கு 7.4 பேர், ஏறத்தாழ 88 இலட்சம் பேர், இதனால் வருந்துவதாக 2023 இல் வெளிவந்த ஆய்வொன்று கூறுகின்றது. இந்நோயின் வகைகளுள் மிகுதியாகக் காணப்படுவது அல்சைமர் நோய். மூளையினுள்ளே கடற்குதிரையின் வடிவு போன்றிருத்தலின் ஹிப்போகாம்பஸ் எனப் பெயர் பெற்ற ஒரு பகுதி உண்டு. புதியன கண்டால் அவற்றைப் பதித்து வைத்தலும், இடங்களின் அமைப்பை உள்ளத்திற் படமாக வரைந்து கொள்ளுதலும் அதன் தொழில்கள். அல்சைமர் நோய் தொடக்கத்திலேயே பற்றும் இடங்களுள் அஃது ஒன்று. ஆதலின் நேற்றுக் கண்டது அழிகின்றது. அறுபது ஆண்டுக்கு முன்னர்க் கண்டது நிற்கின்றது. தெருவைப் பற்றி இனிச் சொல்லப் போவன பலவும் இவ்வொன்றினின்றும் பிறப்பனவே.

இங்கிலாந்தில் எலிசபெத் பர்ட்டன், லின் மிட்செல் என்னும் இரு பெண்மணிகள் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆக்ஸ்ஃபோர்டு புரூக்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து இதனை ஆராய்ந்தனர். அதுவரையில் மறதி நோயுற்றார்க்கெனக் கட்டிடம் வகுத்தோர் உளர். இல்லத்தின் உட்புறத்தையும் அதன் தோட்டத்தையும் திருத்தினோர் உளர். வாயிலுக்கு அப்பாலுள்ள தெருவைப் பற்றி நினைத்தார் அரியர். இவ்விருவரும் தம் துணைவரும் செய்த செயல் மிகவும் எளியது. நோயுற்ற முதியோர் 20 பேரையும், அந்நோயில்லாத முதியோர் 25 பேரையும் வினாவினர். அவர் வழக்கமாகச் செல்லும் வழிகளில் அவரோடு உடன் நடந்தனர். நோயாளியைப் பற்றி அவர் மக்களிடமும் மருத்துவரிடமும் கேட்கும் உலகத்தில் நோயாளியையே கேட்டது எமக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது. 2004 இல் ஒரு சிறு வழிகாட்டியாகவும், 2006 இல் ஒரு நூலாகவும் அவர் கண்டவை வெளிவந்தன.

அவர் கண்டவற்றுட் சில நாம் எதிர்பார்ப்பன, சில எதிர்பாராதன. அகன்று நெடிதாய் நேரே செல்லும் தெருவே எளிது என்று எண்ணுவோம். அவ்வாறன்று. இருமருங்கும் ஒன்றுபோல் வீடுகள் நிற்க, முடிவிற் காண்பதொன்றும் இல்லாத நெடுந்தெருவிலே முதியவர் தாம் எங்கு நிற்கின்றோம் என்பதை இழக்கின்றனர். குறுகியதாய், மெல்ல வளைந்து, வளைவுதோறும் புதிதாக ஒன்றைக் காட்டும் தெருவே அவர் நினைவை விழிப்போடு வைத்திருக்கின்றது. நான்கு வழி கூடும் சந்தியினும் மூன்று வழி கூடும் சந்தி அவர்க்கு எளிது. தேர வேண்டிய வழி ஒன்று குறைகின்றது. அன்றியும் எதிரே நிற்கும் சுவரோ கடையோ ஓர் அடையாளமாகின்றது. முச்சந்தியில் நிறுத்திவிட்டான் என்று நாம் இழிவாய்ப் பேசும் அம்முச்சந்தியே வழி மறந்தார்க்கு உற்ற துணை! நிலப்படமும், அம்புக்குறிகள் நிறைந்த கைகாட்டி மரமும் அவர்க்குப் பெரிதும் பயன்படுவதில்லை. புதுமையாய்ச் சமைத்த இருக்கையை இருக்கையென்றும், கண்ணாடியாற் சமைத்த பேருந்து நிழற்குடையை நிழற்குடையென்றும் அறியாது அவற்றைக் கடந்து செல்கின்றனர். நடைபாதையிற் பதித்த கரிய சதுரம் குழியாகத் தோன்றுகின்றது. பளபளக்கும் தளம் நீராகத் தோன்றுகின்றது.

இவை எம் இல்லத்திற்கு எத்துணை அணித்தானவை என்பதை இனிக் கூறுதும். எம் தந்தையாரைப் பெற்ற ஆச்சிக்கு இப்போது வயது 79. தொடக்கப்பள்ளியில் 34 ஆண்டு ஆசிரியையாக இருந்தவர். அவர் மறதி வெளிப்பட்டு நான்காண்டுகள் ஆகின்றன. எம்மைத் தந்தையார் பெயரால் அழைப்பார். தந்தையாரைச் சிற்சில வேளை யார் என்று வினவுவார். ஆயினும் காலையில் ஆலயமணி கேட்டவுடன் எழுந்து, வெள்ளைச் சேலை உடுத்து, தனியே ஆலயம் சென்று மீளுவதில் நெடுநாள்காறும் அவர்க்கு இடர் ஒன்றும் இருந்ததில்லை. எம் வீட்டு வாயிலிலிருந்து ஆலய வாயில் 640 எட்டு. அவ்வழி அவர் உள்ளத்தில் எங்ஙனம் எழுதப்பட்டிருந்தது என்பதை அவர் வாய்மொழியாகவே யாம் சிறுவயதிற் கேட்டிருக்கின்றோம். 'நேரே போ, மாவு மில்லுச் சத்தம் கேக்கும், புளியமரம் வந்ததும் சோத்துக்கைப் பக்கம் திரும்பு, கோபுரம் தெரியும்.' தெருவின் பெயர் அதில் இல்லை, கதவிலக்கமும் இல்லை. ஓர் ஓசை, ஒரு மரம், ஒரு கோபுரம், அவ்வளவே.

2023 ஆம் ஆண்டுக் கோடையில் அச்சாலையை அகலமாக்கினர். அகலமாக்க வேண்டியதே, பள்ளிப் பிள்ளைகள் பேருந்துக்கும் சுவருக்கும் இடையே ஒடுங்கி நடந்த சாலை அது. புளியமரம் ஒரே பகலில் வீழ்ந்தது. மறுநாட் காலையில் ஆச்சி திரும்பும் இடத்தைக் கடந்து நேரே சென்றார். இருப்புப்பாதைக் கடவு வரையில் சென்றுவிட்டவரைத் தேநீர்க்கடைக்காரர் ஒருவர் கண்டு அழைத்து வந்தார். அவ்வாரத்தில் மும்முறை இங்ஙனம் நிகழ்ந்தது. 'எங்கே போனீங்க ஆச்சி?' என்று கேட்டதற்கு, 'மரம் இன்னும் வரலையே' என்றார். யாம் அச்சொல்லைப் பலநாள் எண்ணிப் பார்த்தோம். ஆச்சி வழி தப்பினாரல்லர். மரம் வருமளவும் நேரே நடத்தல் வேண்டும் என்னும் விதியை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றினார், மரந்தான் வரவில்லை.

எம் சிற்றப்பா, நிலைமையைத் திருத்தக் கருதி, 'ஆலயத்துக்குச் செல்லும் வழி' என்று பெரிய எழுத்தில் எழுதி, அம்புக்குறியும் இட்டு, மரம் நின்ற மூலையிலே ஒரு பலகை நாட்டினார். ஆச்சி அதன் முன் நின்றார். வகுப்பறைக் குரலில் உரக்கப் படித்தார். வல்லெழுத்து மிகுமிடத்தில் மிகுந்திருக்கின்றது என்று பாராட்டினார். பின்னர் நேரே நடந்தார். படித்தல் வேறு, படித்ததனால் வழி தெரிதல் வேறு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று யாம் கண்டிலோம். அதன்பின் எம் இல்லத்திற்கும் பூட்டு வந்தது. மணி கேட்டதும் ஆச்சி கதவருகே வந்து நின்று கைப்பிடியைத் தொடுவார். அது திறவாமை கண்டு, 'இன்னைக்கு லீவா?' என்பார். அவ்வினாவுக்கு விடை சொல்லும் பொறுப்பை வீட்டில் எவரும் விரும்பி ஏற்றதில்லை.

அவ்வாண்டு கிறிஸ்துமஸுக்கு முன்னர் அன்பர் ஒருவர் ஆலய முகப்பிற்குக் கருநிற கிரானைட்டுக் கல் பதித்துக் கொடுத்தார்; முகம் பார்க்கும் அளவுக்கு மெருகு. எம் கையைப் பற்றி வந்த ஆச்சி அதன் விளிம்பில் நின்று, சேலையின் முன்கொய்சகத்தைச் சற்றே உயர்த்திப் பிடித்து, 'தண்ணி கிடக்குது' என்றார். பிறர் அதன்மேல் நடந்து செல்வதைக் காட்டினோம். அவர் தலையை அசைத்தார். வழிபாடு முடியுமளவும் வெளியே வேம்பின் கீழ் அமர்ந்து, உள்ளிருந்து வந்த பாட்டுக்களைத் தாமும் உடன் பாடினார். ஞானப்பாட்டின் அடிகளில் ஒன்றும் அவர்க்கு மறந்ததில்லை. ஆலயத்தில் மணியடிக்கும் பெரியவர் இதனைக் கண்டார். ஆக்ஸ்ஃபோர்டு ஆராய்ச்சியை அவர் படித்தவரல்லர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கல்லின் விளிம்பிலிருந்து கதவு வரையில் பழுப்பு நிறத் தென்னை நார்ப்பாய் ஒன்று விரித்திருந்தது. ஆச்சி நிற்கவுமில்லை, நேரே உள்ளே சென்றார்.

அடையாளங்கொண்டு வழி செல்லுதல் தமிழர்க்குப் புதிதன்று. பத்துப்பாட்டினுட் பாதி ஆற்றுப்படைகளே. அவற்றுள் மலைபடுகடாத்தில், முன் சென்று வந்த கூத்தன் பின் செல்வார்க்கு மலைவழியைச் சொல்லும் பகுதியை வகுப்பிற் பாடமாகக் கேட்டபோது எமக்கு ஆச்சியின் நினைவே வந்தது. பன்றிக்கு வைத்த பொறி எங்குளது, பாம்பு உறையும் குழி எங்குளது, கால் வழுக்கும் பாறை எங்குளது, தினைப்புனத்தினின்று கவண்கல் எங்கே வந்து விழும் என்று அவன் ஒவ்வொன்றாகச் சொல்கின்றான். தொலைவை எண்ணாற் சொல்லிலன்; கண்ணுக்கும் காலுக்கும் படுவனவற்றாற் சொல்கின்றான். அதனினும் வியப்பு, அந்நிலத்தை நன்கறியாத புதியோர் வழிகள் பிரியும் சந்தியைத் துடைத்து, பின் வருவார்க்கு அடையாளமாகப் புல்லை முடிந்திட்டுச் செல்லல் வேண்டும் என்று அவன் கற்பிப்பது. யோர்தானைக் கடந்த இஸ்ரவேலர், ஆற்றின் நடுவினின்று பன்னிரண்டு கற்களை எடுத்துக் கில்காலில் நாட்டிய செய்தியைத் திருமறையிற் காண்கின்றோம். மனிதர் நினைவைத் தம் தலைக்குள்ளே மட்டும் வைத்தாரல்லர். வெளியிலும் நிலத்திலும் வைத்தனர் என்பது தெரிகின்றது. பாளையங்கோட்டையில் 1826 இல் எழுந்த தூய திரித்துவ ஆலயத்தை ஊர்மக்கள் ஊசிக்கோபுரம் என்றே வழங்குவர். மதுரையிலோ கோயிலைச் சுற்றி ஒன்றன்பின் ஒன்றாக ஆடி, சித்திரை, ஆவணிமூலம், மாசி, வெளி என வீதிகள் வரிசையாக அமைந்துள்ளன. அவ்வரிசையை இளமையிற் கற்றவர்க்கு வீதியின் பெயரே தாம் கோயிலுக்கு எவ்வளவு அணித்தாக நிற்கின்றோம் என்பதைச் சொல்லிவிடும்.

ஆயின் பழைய தெரு எல்லாம் நல்லது, புதிய தெரு எல்லாம் தீது என்று கூற வந்தோமல்லோம். திறந்த சாக்கடையும், மழை பெய்தாற் சேறும் பழைய தெருவின் உடைமைகளே. எம் ஆச்சியின் தாயார் காலத்தில் பெண்டிர் தனியே தெருவில் நடந்தாலே வம்பு பேசினர். ஒன்று மட்டும் பழைய தெருவிடம் கேட்டு வாங்கிக் கொள்ளத்தக்கது, அது திண்ணை. முதியோர்க்கு 100 முதல் 125 மீட்டர் தொலைவுக்கு ஓர் இருக்கை வேண்டும் என்கின்றனர் அவ்விரு பெண்மணிகளும். அவ்விருக்கைக்குச் சாய்மானமும், எழும்போது ஊன்றுதற்குக் கைப்பிடியும் வேண்டும். சுடாததும் குளிராததுமான மரத்தாற் செய்தது நன்று. எம் ஊரிற் பழைய வீடுகள் நின்ற தெருக்களில் பத்தடிக்கு ஒரு திண்ணை இருந்தது. நிழலோடு கூடியது, தூணிற் சாயலாம், உள்ளிருந்து ஒருவர், 'தண்ணி வேணுமா?' என்றும் கேட்பர். இன்று திண்ணை நின்ற இடத்திற் சுற்றுச்சுவரும் இரும்புக் கதவும் நிற்கின்றன.

சென்ற விடுமுறையில் யாமும் நண்பர் இருவரும் எம் ஊர்ச் சந்தையிலிருந்து மருத்துவமனை வரையில் முதியோர் நடையில், அஃதாவது மிக மெல்ல, நடந்து பார்த்தோம். 1,150 மீட்டர். அதனுள் இருக்கை என்னத்தக்கவை மூன்று. ஒன்று பேருந்து நிழற்குடையில் உள்ள இரும்புக் குழாய். அது முன்னோக்கிச் சரிந்திருத்தலின் அமர்ந்தாரைத் தானே இறக்கி விடுகின்றது. இரண்டாவது தேநீர்க்கடைப் பலகை. தேநீர் வாங்காது அதில் அமர நாணம் வேண்டாதவர்க்கே ஆகும். மூன்றாவது பட்டுப்போன அடிமரம். நடைபாதையின் உயரத்தை அளவுகோல் கொண்டு அளந்தோம். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் என்னும் சாலைப் பேரவை 2012 இல் வெளியிட்ட நெறிமுறை, நடைபாதை 15 சென்டிமீட்டருக்கு மேல் உயர்தலாகாது என்றும், நடப்பதற்கு 1.8 மீட்டரேனும் தடையின்றி இருத்தல் வேண்டும் என்றும் விதித்தது. யாம் அளந்தவற்றுள் மிக உயர்ந்தது 34 சென்டிமீட்டர். அதன்மேல் ஏற முயன்ற ஒரு மூதாட்டியார் எம்மைப் பார்த்து, 'இது யாருக்குப்பா, குதிரைக்கா?' என்று கேட்டுவிட்டுச் சாலையிலேயே இறங்கி நடந்தார்.

இத்துறையிற் பெரிதும் பேசப்படுவது ஹாலந்து நாட்டில் ஆம்ஸ்டர்டாம் நகருக்கு அணித்தேயுள்ள வீஸ்ப் என்னும் ஊரில், 2009 இல் நிறைவெய்திய ஹோஹெவெய்க். தொடக்கத்தில் 23 வீடுகள். ஒவ்வொன்றிலும் ஆறேழு முதியோர். நடுவே தெருக்களும், சதுக்கமும், கடையும், உணவுச்சாலையும், நாடக அரங்கும். நோயுற்றார் எவரும் விரும்பியபோது வெளியே வந்து நடக்கலாம். வழி தவறினாலும் மீண்டும் அதே சதுக்கத்திற்கே வருவர். கேட்பதற்கு இனிதே. பூட்டு அங்கும் உண்டு; வீட்டுக் கதவினின்று ஊர்க் கதவுக்குத் தள்ளி வைக்கப்பட்டது என்பதே வேறுபாடு. அத்தள்ளி வைத்தலுக்குள் ஒருவர் நாள் முழுதும் நடக்கலாம் என்பதை நினையுங்கால் அதனைச் சிறிதென்று சொல்ல எமக்கு நா எழவில்லை. ஆனால் ஒரு நாட்டின் மறதி நோயுற்றார் அனைவர்க்கும் அத்தகைய ஊர் கட்டுதல் இயலாது. தம் சொந்தத் தெருவை விட்டுப் பிரிதலும் அவர்க்கு ஓர் இழப்பே.

செருமனியில் சில முதியோர் இல்லங்களின் முன்னர்ப் பேருந்து வாராத பேருந்து நிறுத்தங்கள் உண்டு. 'நான் வீட்டுக்குப் போக வேண்டும்' என்று துடிப்பவர் அப்பலகையைக் கண்டு அமைதியுற்று அதனடியில் அமர்வர். சிறிது நேரத்தில் துடிப்பும் மறந்துவிடும். பின் உள்ளே அழைத்து வருவர். இது பற்றி எம் விடுதியில் ஓரிரவு முழுதும் வழக்காடினோம். பொய் பொய்யே என்றார் ஒருவர். நண்பகல் வெயிலில் நெடுஞ்சாலையில் நடந்து மடிவதினும் அப்பொய் நன்று என்றார் மற்றொருவர். எமக்குத் தோன்றுவது இது: அந்நிறுத்தத்தில் முதியவரோடு உடன் அமர்ந்து, அவர் செல்ல விரும்பிய வீட்டைப் பற்றிக் கேட்பார் ஒருவர் உளராயின் அது வெறும் பொய்யாகாது, பலகையை மட்டும் நட்டுவிட்டுச் செல்வாராயின் அது பொய்யே.

சப்பானில் ஓமுட்டா என்னும் நகரத்தார் இவ்விரண்டினும் வேறாய ஒன்றைச் செய்து வருகின்றனர். 2004 முதல் ஆண்டுதோறும் ஒருநாள், ஊரார் ஒருவர் வழி மறந்த முதியவர்போல் தெருவில் நடப்பார். ஏனையோர் அவரைக் கண்டு அணுகி, அச்சுறுத்தாமல் முன்னின்று மெல்லப் பேசிப் பழகுவர். தீ அணைக்கப் பயிற்சி செய்யும் உலகத்தில், வணக்கம் சொல்லப் பயிற்சி செய்கின்றது அந்நகரம்!

எம் ஊரிலும் அது பயிற்சியின்றியே ஒருவாறு நடைபெறலாயிற்று. புளியமரம் நின்ற மூலையில் இப்போது பூக்கட்டி விற்கும் அம்மையார் ஒருவர் அமர்கின்றார். ஆச்சியிடம் படித்தவர் அவர். மணி ஒலித்ததும் தெருவை நோக்கியிருந்து, 'டீச்சர், இப்படித் திரும்புங்க' என்பார். பலகை செய்யாததை அக்குரல் செய்தது. எம் தந்தையார் மணி கேட்டதும் தாமே பூட்டைத் திறந்து விடுகின்றார். ஐம்பதடி பின்னே எம் தங்கை செல்கின்றாள். அம்மையார் காய்ச்சலில் வாராத நாட்களில் மட்டும் தங்கை ஓடிச் சென்று ஆச்சியின் கையைப் பிடித்துக் கொள்கின்றாள்.

ஆயினும் ஒரு தெருவின் அடையாளம் ஒருவர் உடல்நலத்தைச் சார்ந்து நிற்றல் தகாது எனக் கருதி, தெருவார் 41 பேர் கையொப்பமிட்டு ஊராட்சிக்கு ஒரு விண்ணப்பம் கொடுத்தோம். நான்கு இருக்கைகள், இரண்டு இடத்தில் நடைபாதையைச் சரிவாக்கல், மூலையில் ஒரு மரம் என்பன எம் வேண்டுகோள். மரம் என்னுமிடத்திற் புளி என்றே எழுதினோம். வார்டு உறுப்பினர் அதைப் படித்து, புளியம்பழம் சாலையில் உதிர்ந்தால் வண்டி சறுக்கும், வேம்பு வைக்கலாம், விரைவிலும் வளரும் என்றார். புளியங்கன்று மரமாகிக் கண்ணிற் படுமுன் எத்தனை ஆண்டு செல்லும் என்பதை யாமும் அறிவோம்; ஆச்சிக்காக அதனைக் கேட்டோமல்லோம். இன்று அத்தெருவிற் பள்ளி செல்லும் பிள்ளைகள், எம்மரமாயினும், அதனைத்தான் அறுபது ஆண்டின் பின்னர்த் தேடி நடப்பர் என்று சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, வேம்பும் மரந்தானே என்றார். அதனை மறுக்க எம்மிடம் விடை இல்லை, வேப்பங்கன்று நட்டாயிற்று. இருக்கைகளுள் இரண்டு வந்துவிட்டன. இரண்டும் சிமெண்டினால் ஆனவை. சாய்மானம் உண்டு, கைப்பிடி இல்லை. ஆச்சி ஆலயத்தினின்று மீளும்போது அவற்றுள் ஒன்றில் அமர்ந்து எழுகின்றார். எழுங்கால் பூக்கார அம்மையார் கைகொடுக்கின்றார்.